முள்ளுக்காட்டுக்கு ஒரு வருசம் கொடுங்கள்

எங்கள் ஊர் கிராம சபையாருக்கும், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

நவம்பர் 1 அன்று நடந்த கிராம சபையில் குளத்துக்குத் தென்புறம் இருக்கிற மேய்ச்சல் புறம்போக்கைப் பற்றி ஒரு தீர்மானம் வாசித்தீர்கள். அங்கே முள்ளைச் சுத்தம் செய்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைப்பது என்று. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் வண்ணத்துப்பூச்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். மறுவாரம் அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பொக்லைன் வைத்துத் தரைமட்டமாக்குவது, சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் புல்தரையும் நீரூற்றும், ஓரத்தில் இட்லிப்பூவும் செம்பருத்தியும், ஓர் உயர்கோபுர விளக்கு, நுழைவாயில் வளைவில் தமிழ் மறவன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் படம். தை பிறந்ததும் வேலை தொடங்கும் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த முள்ளுக்காட்டில் இப்போது என்னென்ன வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் இருக்கின்றன, எந்தச் செடியில் முட்டை வைக்கின்றன என்று ஒரு முழு வருசம் முறையாகக் கணக்கெடுங்கள். அதுவரை பொக்லைன் உள்ளே போக வேண்டாம்.

நம்முடையது காங்கேயத்துப் பக்கத்து வறண்ட சீமை. வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் என்பது கொழுக்கட்டைப்புல்லும், ஆங்காங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியும். மலையடிவாரத்துக்காரர்கள் இதைக் கண்டால் 'இங்கே என்ன பூச்சி இருக்கப் போகிறது' என்பார்கள். நம்மவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு இந்த ஊருக்கு மருமகளாக வந்த புதிதில் நானும் அப்படியே நினைத்தேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் புறம்போக்கின் ஓரமாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் கண் திறந்தது.

குளத்து மதகிலிருந்து உள்ளே போகிற கொடித்தடத்தில் முதலில் வருவது சங்கஞ்செடிப் புதர். நாலு பக்கமும் முள்ளாக நிற்கும், ஆடுகூட யோசித்துத்தான் வாய் வைக்கும். அதன் மேலே இளஞ்சிவப்பும் கருப்புமாக ஒரு சின்னப் பூச்சி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்மால் சால்மன் அராப் என்று ஆங்கிலத்தில் பெயர். அதன் புழுவுக்கு நம் பக்கத்தில் சோறு போடுவது இந்தச் சங்கஞ்செடிதான். பக்கத்திலேயே கிளுவை மேல் சாய்ந்து கிடக்கும் விழுதி. அதில் கிரிம்சன் டிப் முட்டை வைக்கும். வெள்ளை இறக்கையின் நுனியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல இருக்கும் அந்தப் பூச்சியை ஒருமுறை வெயிலில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த இரண்டும் வறண்ட நிலத்துப் பூச்சிகள். வால்பாறைக் காட்டில் போய் இவற்றைத் தேடினால் கிடைக்காது, இங்கேதான் பார்க்கலாம். வரைபடத்தில் 'முட்புதர், அகற்ற வேண்டியது' என்று கோடு போட்டிருக்கிற இடம் சரியாக இந்த இரண்டு செடிகளும் நிற்கிற இடம்.

அப்புறம் இலந்தை. அதில் வெள்ளையில் கரும்புள்ளி வைத்த காமன் பியரோவும் அதன் உறவுக்காரப் பூச்சிகளும் முட்டையிடும். சிலவற்றின் புழுக்களைச் சுற்றி எறும்பு மொய்க்கும். கடிக்கத்தான் வருகிறது என்று நினைப்போம். புழு முதுகில் சுரக்கிற இனிப்புநீருக்காக வருகிற எறும்பு அது. அந்த இனிப்புக்காகவே மற்ற பூச்சிகளிடமிருந்து புழுவைக் காத்தும் நிற்கும். இலந்தைக் கிளையைத் திருப்பிப் பார்த்துப் பத்து நிமிசம் பொறுமையாக நின்றால் யார் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம்.

எருக்கு நிற்கிற மேட்டில் வெந்தய வரியன். எருக்கம்பாலின் விசத்தைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் அதை ஒருமுறை தின்ற குருவி மறுபடி கிட்டே வராது. அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்கிற இன்னொரு பூச்சியும் நம் காட்டில் உண்டு. டனாய்டு எக்ஃபிளையின் பெண், நிறத்திலும் பறக்கிற விதத்திலும் அச்சு அசலாக வெந்தய வரியனைப் போலவே இருக்கும். அது முட்டை வைப்பது நாம் கடைந்து சாப்பிடுகிற பருப்புக்கீரையில். களைக்கொல்லி அடிக்காத வரப்பில்தான் இப்போது அந்தக் கீரை மிச்சம் இருக்கிறது.

வடக்கு ஓரத்துக் கரிசல் திட்டில் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருக்கிறது. பெயருக்கேற்ற மாதிரி ஆடு அதைத் தொடாது. சிவப்புடல் அழகி தேடி வருவது அதைத்தான். அந்தத் திட்டில்தான் வண்டி நிறுத்துமிடம் என்று குறித்திருக்கிறீர்கள்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி பூவுக்கு வரும் என்பது பாதி உண்மைதான். தேன் குடிக்க அது பல பூக்களுக்கும் போகும், வெட்டுக்காயப் பூண்டே போதும். ஆனால் முட்டை வைக்க வேண்டுமென்றால் தன் புழு தின்கிற செடியை, பெரும்பாலும் ஒரு குடும்பத்துச் செடிகளை மட்டுமே, தேடிப் போகும். இட்லிப்பூ நட்டால் நாலு பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும். அது பிறந்த விழுதிப் புதரை வெட்டிவிட்டால் அடுத்த வருசம் வருவதற்கு யார் இருப்பார்கள்? நீங்கள் கொண்டுவர ஆசைப்படுகிற பூச்சிகள் ஏற்கெனவே அங்கேயே குடியிருக்கின்றன. அவற்றின் வீட்டைத்தான் நாம் சுத்தம் செய்யப் போகிறோம்.

தமிழ் மறவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தமிழ்நாடு அரசு அதை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுப் பூச்சி. அதன் புழு நீரடிமுத்து இனத்து மரத்தின் இலையைத் தின்று வளர்வது. நம் ஊரில் அது பறக்காது. வளைவில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற பள்ளிப் பிள்ளை அதைத் தேடித் தேடி ஏமாந்து போகும். திருவரங்கத்துக்குப் பக்கத்தில் மேலணையை ஒட்டி 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறதே, அதுபோலச் செய்யலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல பூங்காதான். ஆனால் அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற நிலம். அங்கே செழிக்கிற செடி இங்கே பங்குனி வெயிலுக்கு நிற்காது. நம் பூங்காவில் என்ன நட வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை நம் கணக்குதான் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படிதான் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறது. ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அந்தக் குழுவின் முக்கியமான வேலை. நம் ஊர்ப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படித்தேன். மாட்டு இனங்கள், நெல் ரகங்கள், கோயில் மரங்கள் எல்லாம் ஓரளவுக்கு எழுதியிருக்கிறார்கள். பூச்சிகள் என்ற பக்கத்தில் 'வண்ணத்துப்பூச்சி – உண்டு' என்று ஒரே வரி. அந்துப்பூச்சிக்கு அந்த வரியும் இல்லை. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன, தமிழ்நாட்டில் மட்டும் 300க்கும் மேல். அந்துப்பூச்சிகளோ நாட்டில் 10,000 வகைகளுக்கும் அதிகம். அவற்றில் எவை நம் ஊரில் பிறந்து நம் ஊரிலேயே சாகின்றன என்று எழுதி வைக்க ஒரு வரி போதாதுங்க.

'நீதான் மூணு வருசமா நோட்டும் கையுமா சுத்தறயே, அதையே எடுத்துப் பதிவேட்டுல ஒட்டிக்கலாமே' என்று வார்டு உறுப்பினர் அண்ணன் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். என் நோட்டு பத்தாது. மாட்டை அவிழ்த்துவிட்ட நேரத்தில், ஒழிவு கிடைத்த நாளில், நான் போகிற ஓரத்தில் மட்டும் எழுதியது அது. சித்திரை, வைகாசி வெயிலில் நான் போகவே இல்லை. இருட்டின பிறகு ஒரு நாளும் போனதில்லை. அதில் ஒரு பூச்சியின் பெயர் இல்லை என்பதால் அந்தப் பூச்சியே காட்டில் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

முறையான கணக்கு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எர்னஸ்ட் பொல்லார்டு என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் இங்கிலாந்தில் ஒரு முறையை வகுத்தார். ஒரு தடத்தை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறிய பிறகு, பலத்த காற்றும் மழையும் இல்லாத நாளில், அந்தத் தடத்தில் ஒரே சீரான வேகத்தில் மெல்ல நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்த எல்லைக்குள் கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். பக்கத்துப் புதரில் எவ்வளவு அழகான பூச்சி இருந்தாலும் அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, தனியாக எழுதலாம். அவ்வளவுதான். அதே தடம், அதே நேரம், அதே அகலம். அப்படிச் செய்தால்தான் கார்த்திகைக் கணக்கை மாசிக் கணக்கோடும், இந்த வருசத்தை அடுத்த வருசத்தோடும் ஒப்பிட முடியும். அங்கே 1976இல் நாடு முழுக்க ஆரம்பித்த கணக்கெடுப்பு இன்றைக்கும் நடக்கிறது. எந்தப் பூச்சி பெருகுகிறது, எது குறைகிறது என்று அவர்களால் ஆண்டுவாரியாகச் சொல்ல முடிகிறது. நடந்து எண்ணியவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஊர்க்காரர்கள்.

ஏன் ஒரு முழு வருசம்? ஒரு மாதத்தில் நாலு முறை போய் எண்ணிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நம் ஊரில் மழை விழுந்து புல் முளைத்த பிறகு, ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் காடே மிதக்கும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்தால் பாதிப் பூச்சி புதருக்குள் ஒடுங்கிவிடும். அந்த மாதம் மட்டும் வந்து பார்த்தவர் 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். இன்னொன்றும் உண்டு. பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் ஓரமாகத் தாழப் பறக்கும் ஈவ்னிங் பிரவுன் மழைக்காலத்தில் இறக்கையின் அடியில் வட்டவட்டக் கண்களோடு இருக்கும். அதே இனம் கோடையில் கண்ணெல்லாம் மறைந்து காய்ந்த சருகு மாதிரி இருக்கும். இரண்டு பருவத்தையும் பார்க்காதவர் இரண்டு வகை என்று எழுதிவிடுவார்.

அப்புறம் அந்தப் பெரும் பயணம். நீல வரியனும் கருநீல வரியனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் சேர்வராயன் பக்கத்து மலைகளுக்கும் போகும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மறுபடி மேற்கே திரும்பும். இடைவழி நம் சீமை. தாராபுரம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஐப்பசியில் கண்ணாடியில் மோதுகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அவை நம் புறம்போக்கில் இறங்கித் தங்குகிற இடம் கிலுகிலுப்பைச் செடி. ஆண் பூச்சிகள் அதன் காய்ந்த தண்டிலும் வாடிய இலையிலும் தேள்கொடுக்கிலும் ஒரு சாற்றை உறிஞ்சும். பெண்ணைக் கவர்கிற மணத்தை அதிலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கின்றன. நான் நோட்டோடு நிற்பதைப் பார்த்து, அங்கே நாற்பது வருசமாக ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருநாள் கேட்டார்: 'ஏன் அம்மிணி, ஐப்பசில அந்தக் கிலுகிலுப்பைச் செடி பூராவும் பாப்பாத்தி அப்பிக் கெடக்குமே, அதையா எண்ணிட்டிருக்கற? பத்து வருசத்துக்கு முன்னால வந்திருந்தா உன்னால எண்ணி முடிச்சிருக்கவே முடியாது.' நம் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சியைப் பாப்பாத்தி என்றுதானே சொல்வோம். அந்த ஆத்தாவுக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கெடுப்புக் குழுவில் முதல் ஆளாக அவரைத்தான் சேர்க்க வேண்டும் என்பேன்.

அந்துப்பூச்சிக்கு வருகிறேன். இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள்தான் அதிகம். பருத்தியில் காய்ப்புழு, ஆமணக்கில் இலைப்புழு, 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து நம் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்ற படைப்புழு, எல்லாமே அந்துப்பூச்சியின் பிள்ளைகள்தான். எனக்கும் அந்த வருசம் ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் போயிற்று. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சில வகைகளுக்காக மற்ற ஆயிரக்கணக்கானவற்றைப் பகையாக நினைப்பது தப்பு. ராத்திரியில் வெள்ளையாகப் பூத்து மணக்கிற பூக்களில் பலவற்றுக்கும் மகரந்தம் கொண்டு போவது அவைதான். கொல்லைப்புறத்துப் பப்பாளி காய்ப்பதற்குப் பருந்து அந்து என்கிற பெரிய அந்துப்பூச்சிகளின் தயவு வேண்டும். வௌவாலும் பக்கிக் குருவியும் பல்லியும் உயிர் வாழ்வது அவற்றைத் தின்றுதான். தவிரவும், ராத்திரியில் விளக்கும் வெள்ளைத் துணித் திரையும் வைத்து மாதாமாதம் பார்க்கிற பழக்கம் ஊரில் இருந்தால், புதிய பூச்சி ஒன்று வந்திறங்கும்போது வயலில் நட்டம் தெரிவதற்கு முன்னாலேயே திரையில் தெரிந்துவிடும். விவசாயிக்கு அது போதாதா?

அதற்குத் தேவை ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும். இரண்டு கம்பத்துக்கு நடுவே வேட்டியை இழுத்துக் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கையோ பாதரச விளக்கையோ எரியவிட்டு, இருட்டியதிலிருந்து நடுச்சாமம் வரை வந்து உட்காருவதைப் படம் எடுக்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய ராத்திரிகள் நல்லது, நிலா வெளிச்சத்தில் வரத்து குறையும். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்கிற பச்சை நிறப் பருந்து அந்து வரும். எள்ளுக்காட்டுப் புழுவிலிருந்து வருகிற, முதுகில் மண்டையோடு மாதிரிக் குறி உள்ள பெரிய அந்தும் வரலாம். முடிந்ததும் விளக்கை அணைத்து, வேட்டியை மெல்ல உதறி எல்லாவற்றையும் புதருக்குள் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் விடிகாலையில் கரிச்சான் வந்து ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிடும்.

உயர்கோபுர விளக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். வானம் எப்போதும் தரையைவிட வெளிச்சமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் முதுகை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பறப்பது பூச்சிகளின் இயல்பு. செயற்கை விளக்கு அந்தக் கணக்கைக் குழப்பிவிடுவதால் விலகிப் போகத் தெரியாமல் அதையே சுற்றுகின்றன என்று 2024இல் வந்த ஆய்வு ஒன்று படம் பிடித்துக் காட்டியது. நம் வேட்டி விளக்கு சில மணி நேரத்தில் அணைந்துவிடும். உயர்கோபுர விளக்கு வருசம் முழுக்க எரியும்.

பெயர் தெரியாதே என்ற பயம் வேண்டாம். வண்ணத்துப்பூச்சிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் வந்துவிட்டன. படம் எடுத்து நாளும் இடமும் போட்டு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். சின்ன நீலப்பூச்சிகளை மட்டும் இறக்கை மூடியிருக்கும்போது அடிப்பக்கம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். அந்துகளில் பலவற்றைப் படத்தை வைத்துக் கடைசிவரை சொல்ல முடியாது. அவற்றைக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், ஊகித்து எழுதக் கூடாது. வலை போட்டுப் பிடிப்பதோ ஊசி குத்தி வைப்பதோ வேண்டவே வேண்டாம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற வகைகளும் நம்மிடம் இருக்கலாம். எந்தப் புழு எந்த இலையில் இருந்தது என்ற குறிப்பை ஒவ்வொரு பிள்ளையும் எழுதப் பழகட்டும். பூங்காவில் என்ன நட வேண்டும் என்பதற்கு அதுதான் விடை.

சீமைக் கருவேலத்தை நான் காப்பாற்றச் சொல்லவில்லை. அது போகட்டும், நானே வெட்ட வருகிறேன். ஆனால் ஆள் வைத்து, அதை மட்டும் பார்த்து வெட்டுங்கள். விழுதிக்கும் சங்கஞ்செடிக்கும் இலந்தைக்கும் கொடிப்பாலைக்கும் முன்கூட்டியே துணி கட்டி அடையாளம் வைப்போம். பொக்லைனுக்கு எது கருவேலம், எது விழுதி என்று தெரியாது. ரோட்டோரப் புளிய மரம் இரண்டையும் விரிவாக்கத்துக்குக் குறித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கருப்பு ராஜா என்கிற பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது அந்தப் புளிய இலையைத்தான். பூவுக்கே வராமல் அழுகிய பழத்திலும் சாணியிலும் உட்காருகிற அந்தப் பூச்சியை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. மரம் போவதற்கு முன்னால் பார்த்துவிடுவோம், முடிந்தால் மரத்தையும் காப்போம்.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானத்தைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்கெடுப்பைப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் பெயரில் நடத்துங்கள். ஆடு மேய்ப்பவர்கள், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், நூறுநாள் வேலைப் பெண்களில் விருப்பமுள்ளவர்கள் என்று எட்டுப் பேர் போதும். மாதம் இரண்டு நடை, ஓர் இரவு விளக்கு. வருசம் முடிந்ததும் அந்தக் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் புதிய வரைபடம் போடலாம். அன்றைக்கும் நான் கை தூக்குவேன். வளைவில் தமிழ் மறவனுக்குப் பதில் யார் படம் வரவேண்டும் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மதகுக்குப் பக்கத்தில் நிற்பேன். குழுவினர் எல்லோரும் ஒருமுறை வந்து என்னோடு அந்தத் தடத்தில் நடந்து பாருங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் கெட்டியான செருப்புப் போட்டு வாருங்கள், வெள்வேல முள் கீழே நிறையக் கிடக்கிறது.

இப்படிக்கு,
கிழக்குத் தோட்டத்தில் மாடு வைத்திருக்கும்
உங்கள் ஊர்க்காரி